பகலில் தூங்கும் தெருவை ‘ஆளில்லாத் தெரு’ என்று எழுதியதற்கு ஆட்சேபணை

அனுப்புநர்:
கடைசி வீட்டுக்காரி (ரொட்டித் தொழிற்சாலையில் இரவுப் பணி)
மற்றும் கீழே கையெழுத்திட்டுள்ள தெருவாசிகள்,
பழைய ஆலைப் பின்தெரு.

பெறுநர்:
நகரத் திட்ட அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மூடிய ஆலை மைதானத்தில் வரவிருக்கும் வணிக வளாகத்தின் இட வரைபடத்தையும் கட்டட வடிவமைப்பையும் மறு ஆய்வு செய்யக் கோருதல் – சரக்கு இறக்கும் முற்றத்தை எங்கள் சுவரை விட்டு நகர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக வாசல் பலகையில் ஒட்டியுள்ள வரைபடமும் அதன் கீழுள்ள குறிப்புகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதை நடுப்பகலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்ற நாட்களில் தங்களுக்கு அது வேலை நேரம். எனக்கு இது நடுச்சாமத்தில் தூக்கத்திலிருந்து எழுந்து எழுதுவது போல. எழுத்தில் எங்காவது சூடு தெரிந்தால் அதற்குத் தூக்கம் கெட்டதே காரணம் என்று கொள்ளவும். மன்னிப்பு கேட்பதாகக் கொள்ள வேண்டாம்.

1. எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லோருமே இரவு வேலைக்காரர்கள். நான் ரொட்டி அடுப்பில் நிற்கிறேன். என் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறார். எதிர்வீட்டு அக்காவும் அவர் தங்கையும் மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகள் பிரிவில் இரவு நர்சுகள். பக்கத்து வீட்டு அண்ணன் அச்சகத்தில் பத்திரிகை அடிக்கிறார். வாடகை குறைவு என்று வந்த ஒருவர் தன்னோடு வேலை பார்க்கும் இன்னொருவரைக் கூட்டிவந்து, இப்படி ஒரு தெருவாகச் சேர்ந்துவிட்டோம்.

2. எனவே எங்கள் தெருவுக்குப் பகல்தான் இரவு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருப்போம். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கி விட்டிருப்போம். காய்கறி வண்டிக்காரர் எங்கள் தெருமுனை வந்ததும் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளுவார். குக்கர் விசில் சாயங்காலம்தான். எங்கள் பிள்ளைகள் சண்டையைக்கூட ஜாடையில் போட்டு முடிப்பார்கள். அடி மட்டும் உண்மையாக விழும். இதையெல்லாம் யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒருவர் தூக்கம் இன்னொருவர் கையில் இருக்கிறது என்று தெரிந்து செய்கிறோம்.

3. தங்கள் அலுவலகத்திலிருந்து இடத்தைப் பார்வையிட வந்தவர் பட்டப்பகலில் வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறார். எங்களைத் தெரிந்த யாரும் பகலில் கதவைத் தட்டமாட்டார்கள். ஆகவே தட்டுகிறவர் தெரியாதவர், திறக்கத் தேவையில்லை என்பது எங்கள் வழக்கம். நானும் அந்தத் தட்டலைக் கேட்டேன். போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டேன். வெளியே பூட்டுத் தொங்காத கதவு, துணி கட்டிய ஜன்னல், பதிலில்லாத வீடு. வந்தவர் ‘பெரும்பாலும் ஆளில்லாத வீடுகள்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். இங்கே கண்ணை மூடியது நாங்கள். பூலோகத்தில் ஆளே இல்லை என்று நினைத்தது தங்கள் அலுவலகம்.

4. அடுத்து, கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைத்திருக்கிறீர்கள். அறிவிப்பை ஆலையின் முன்வாசலில் ஒட்டியிருக்கிறீர்கள். நாங்கள் இருப்பது பின்வாசல் பக்கம். பிறகு கேள்விப்பட்டு விசாரிக்கப் போனபோது தங்கள் அலுவலக எழுத்தர் மரியாதையாகவே பதில் சொன்னார்: “யாருமே வரலையேம்மா, அதான் ஆட்சேபணை இல்லைன்னு போட்டுட்டோம்.” வராதவரெல்லாம் சம்மதித்தவர் என்றால், இந்த ஊரில் நடக்கும் கல்யாணங்களுக்கெல்லாம் நான்தான் மணப்பெண்.

5. இந்த இரண்டையும் வைத்து வரைந்த வரைபடத்தில், லாரிகள் வந்து சரக்கு இறக்கும் முற்றம் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி வருகிறது. ஜெனரேட்டரும் அங்கேயே. அதன் கீழே ஒரு குறிப்பு: ‘அருகில் வசிப்போரின் உறக்கத்தைக் கருதி, சரக்கு இறக்குவது பகல் நேரத்தில் மட்டும்.’ ஐயா, இதை எழுதியவருக்கு நல்ல மனசு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நல்ல மனசுதான் எங்கள் கழுத்தில் கத்தி வைக்கிறது.

6. கட்டடம் இன்னும் எழும்பவில்லை. மண் பரிசோதனைக்கு என்று ஒரு துளையிடும் இயந்திரத்தை மட்டும் இறக்கியிருக்கிறார்கள். அது சுவருக்கு அந்தப்புறம் பகலெல்லாம் ஓடியது. என் கணவர் முதல் நாள் காதில் பஞ்சு வைத்தார். அடுத்த நாள் சமையலறைத் தரையில் படுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் பணிமனைக்குப் போய், வண்டியைத் தொடாமலே சாவியைத் திருப்பிக் கொடுத்தார். “இன்னிக்கு நான் ஓட்டினா சரியா வராது சார், வேற ஆளப் போடுங்க” என்றாராம். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நடை தவறியதில்லை. பணிமனை அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருக்கிறது. இன்னொரு தடவை நடந்தால் தொலைதூர வழித்தடத்திலிருந்து எடுத்துவிடுவார்களாம். அன்று பேருந்து நிறைய ஆட்கள் அவரை நம்பித் தூங்க வந்திருந்தார்கள். அவர்கள் தூங்க வேண்டுமென்றால் இவர் பகலில் தூங்கியிருக்க வேண்டும். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

7. வளாகமே வேண்டாம் என்று நாங்கள் கொடி பிடிக்கவில்லை. கடை வந்தால் நாங்களும்தான் சோப்பு வாங்கப் போகிறோம். நாங்கள் சொல்வது இவ்வளவுதான். மைதானத்தின் வடபுறம் காலிக் கிடங்கின் சுவர் இருக்கிறது. வரைபடத்தில் அங்கே ஒரு நீரூற்றும் உட்காரும் பெஞ்சுகளும் போட்டிருக்கிறார்கள். கிடங்குச் சுவர் தூங்குவதில்லை, பேருந்தும் ஓட்டுவதில்லை. லாரியை அங்கே விடுங்கள், நீரூற்றை எங்கள் பக்கம் தாருங்கள். தண்ணீர் விழும் சத்தத்தில் இன்னும் நன்றாகத் தூங்குவோம். இதைக் கட்டுமான நிறுவனத்தின் பொறியாளரிடம் கேட்டேன். வளாகத்தின் வாசல் அந்தப் பக்கம்தான், அங்கே லாரி நின்றால் பார்வைக்கு அழகாக இருக்காது என்றார். அழகு யார் கண்ணுக்கு என்று கேட்டேன்.

8. ஆகவே வரைபட ஒப்புதலை நிறுத்தி வைத்து, மீண்டும் இடத்தைப் பார்வையிட்டு, மீண்டும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டுகிறோம். கூட்டத்தை மாலையில் வைத்தால் குளித்து, தலைவாரி, ஒழுங்காக வந்து உட்கார்ந்து பேசுவோம். பழையபடி காலை பதினோரு மணிக்குத்தான் என்றால் அப்போதும் வருவோம், எல்லோரும் வருவோம். ஆனால் அது எங்கள் தூக்க நேரம் என்பதால் பாய், தலையணையோடு வந்து தங்கள் கூட்ட அரங்கிலேயே படுப்போம். எங்களைத் தாண்டித்தான் தாங்கள் மேடைக்குப் போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் ‘யாரும் வரவில்லை’ என்று எழுத முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

தூங்குகிறவரை எழுப்பிவிடலாம், தூங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்பார்கள். தங்கள் அலுவலகம் இதில் எந்த வகை என்பதைத் தங்கள் பதிலிலிருந்து தெரிந்துகொள்வோம்.

இடம்: பழைய ஆலைப் பின்தெரு
நாள்: ஞாயிறு, நடுப்பகல்

இப்படிக்கு,
பணியத் தெரிந்தும் பணிய மறுக்கும்
கடைசி வீட்டுக்காரி

(தெருவாசிகளின் கையெழுத்துகள் பின்பக்கத்தில்)

குறிப்பு: பாதிக்கப்பட்டவர்களில் முதலாமவரான என் கணவரின் கையெழுத்து இந்த மனுவில் இல்லை. இன்று ஞாயிறு என்பதால் இயந்திரம் ஓடவில்லை. அவர் தூங்குகிறார். கையெழுத்து இல்லாமல் மனு செல்லாது என்றால் செல்லாததாகவே இருக்கட்டும். அவரை எழுப்ப மாட்டேன்.