மாடிவீட்டுக் காவல்காரி

ஜூலை 3, வியாழன்

சோளகக் காற்று விட்டு அடிக்கிறது. காலையில் கூட்டிய முற்றம் பத்து மணிக்கு மறுபடி குப்பை. சனிக்கிழமை வீட்டுக்காரர் கனடாவிலிருந்து வருகிறார்கள். அதற்குள்:

மேல்மாடி ஆறு அறையும் துடைக்க.
தண்ணீர்த் தாங்கி கழுவ.
ஏசிக்காரனுக்கு போன். (இரண்டு தரம் எடுத்தாயிற்று. வாறன் வாறன் என்கிறான்.)
என் சாமான்களை ஸ்ரோர் அறைக்கு மாற்ற. அவர்கள் நிற்கும்வரை என் அறை அவர்களுடைய பெட்டிகளுக்கு.

மத்தியானம் கிராம அலுவலர் விதானையாரின் கந்தோருக்குப் போனேன். நிவாரணப் பட்டியல் சுவரில் ஒட்டியாயிற்று. என் பெயர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தேன். இல்லை. இரும்புக்கடைக்காரரின் பெண்சாதி பெயர் இருக்கிறது. அவவின் கழுத்தில் கிடக்கிறதை விற்றால் இந்தப் பட்டியலில் பாதிப்பேர் வருடம் முழுக்கச் சாப்பிடலாம்.

விதானையாருக்கு முப்பது வயது வராது. மரியாதையான ஆள். கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். வீடு: இரண்டு மாடி. நிலம்: கிரனைட். ஏசி: நான்கு. எல்லாம் சரிதான். எதுவும் என்னுடையதில்லை என்று எழுத அதில் இடம் கிடையாது.

"அக்கா, நீங்கள் காவலுக்கு இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அரசாங்கம் கூரையைத்தான் பாக்குது. வயித்தைப் பாக்கிறேல்லை."

முறையீடு செய்யலாமாம். 21ஆம் திகதி கடைசி. வீட்டுக்காரர் கைப்படக் கடிதம் வேண்டும்: வீடு தன்னுடையது, நான் சம்பளமில்லாமல் காவலுக்கு இருக்கிறேன் என்று. அவ்வளவுதான்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, மாடியில் இருந்துகொண்டு நிவாரணம் கேட்க வந்துவிட்டினம் என்று பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். வாயை மூடிவிட்டாள். என் முகத்தால் அந்த ஒரு பிரயோசனம் உண்டு.

கால் புண்ணுக்குப் பிறகு கூலிக்கு மிளகாய்த்தூள் இடிக்க நிற்க முடிவதில்லை. நிவாரணம் வராவிட்டால் கொழும்புத்துறையில் தங்கச்சி வீடுதான். தங்கச்சியில் பிழையில்லை. அவள் புருசன், நான் சோறு போடும்போது என் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே போய்க் கிடப்பதைவிடச் செத்துப்போகலாம்.

ஜூலை 5, சனி

வந்துவிட்டார்கள். ஏழு பெட்டி. கேற் திறந்தது, பெட்டி தூக்கியது, பல்லைக் காட்டியது எல்லாம் நான். எனக்கு ஒரு சொக்கிலேற் பை, வீட்டுக்கார அக்காவின் பழைய கைப்பை ஒன்று. கைப்பையின் சிப் வேலை செய்யாது.

வீட்டுக்கார அண்ணை வந்து அரைமணித்தியாலத்தில் தொடங்கிவிட்டார். வந்திருந்த நாலைந்து பேருக்கும் ஹோலில் நாட்டு நடப்பு. ஆட்சிக்கு வாறவன் எல்லாம் கள்ளனாம். எங்கடை பக்கத்து எம்பிமார் அவங்களுக்குக் குடை பிடிக்கிறாங்களாம். சனம் எழும்பவேண்டுமாம். அடியோடு மாற்றவேண்டுமாம். நான் தேத்தண்ணியோடு நின்றேன். ஒருத்தரும் எடுக்கவில்லை, அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கை நோகத் தொடங்கியதும் தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் சொல்வதில் ஒன்றும் பிழையில்லை. அதுதான் கூட எரிச்சல்.

அக்கா சொல்லிவிட்டா: தாங்கள் நிற்கும்வரை நான் வெளிக் கக்கூசைப் பாவிக்கட்டாம். உள்ளே இருக்கிற மூன்றையும் ஒன்பது வருடமாகத் தேய்த்துக் கழுவுகிறவள் நான்.

ஜூலை 8, செவ்வாய்

ஏசிக்காரன் ஒருவழியாக வந்தான். கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது.

இன்று கடிதத்தைக் கேட்டேன். அண்ணை சாப்பிட்டு முடித்து, மாம்பழம் வெட்டிக் கொடுத்த பிறகு. எல்லாவற்றையும் சொன்னேன். கூரையை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்று விதானையார் சொன்னதையும் சொன்னேன்.

அண்ணைக்குக் கண் மின்னியது. கொப்பி எடுத்து எழுதினார். கடிதம் எழுதுகிறார் என்று நினைத்து நான் பேனை மூடியைக் கூடப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தால், சுலோகம். "கூரையைப் பார்க்காதே, வயிற்றைப் பார்."

"உதை இப்பிடி விடக்கூடாது, சறோ. உன்னை மாதிரி எத்தினை பேர். நாங்கள் ரோட்டிலை இறங்கவேணும்."

கடிதம் என்ன மாதிரி என்று கேட்டேன். அது சின்ன விசயம், பிறகு எழுதித் தரலாம் என்றார். முதலில் பெரிய விசயத்தைப் பார்ப்பமாம்.

ஜூலை 11, வெள்ளி

பிரதேச செயலகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். ஐம்பது அறுபது பேர். பாதிப்பேர் உண்மையாகவே பட்டியலில் வெட்டுப்பட்டதுகள். வெயில் கொளுத்தியது.

காலையில் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். அக்கா மேலும் கீழும் பார்த்தா. உது பளிச்சென்று இருக்கிறதாம், பழசு ஒன்று இல்லையோ என்றா. மாற்றினேன். செருப்பையும் கழற்றச் சொன்னா. காலில் புண் என்றேன். புண் தெரிந்தால் நல்லதுதானே என்றா. சிரிக்காமல் சொன்னா.

நான் முன் வரிசை. கையில் அண்ணையின் சுலோகம். அண்ணை எனக்குப் பக்கத்தில், தொப்பி, கறுப்புக் கண்ணாடி. தார் ரோட்டில் மாறி மாறிக் கால் வைத்துக்கொண்டு நின்றேன். படத்தில் அது கோபமாகத் தெரிகிறதாம்.

கூட்டத்தில் காதில் விழுந்தவை:

"போன முறையும் மாத்தினாங்கள்தானே. மாறினது போஸ்ரர்தான்."
"பெற்றோலுக்கு நிண்ட வரிசை முடிஞ்சுது, இப்ப இதுக்கு நிக்கிறம்."
"எனக்கு வெட்டினவங்கள், ஏனெண்டு கேட்டா வீட்டிலை மோட்டச்சைக்கிளாம். அது செத்துப்போன மனுசன்ரை. ரயரே இல்லை."
"உந்தத் தொப்பிக்காரர் ஆர்? தேர்தல் கேக்கப் போறாரோ?"

செயலாளர் வெளியே வரவில்லை. ஒரு கிளாக்கர் வந்து கோரிக்கை மகஜரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கலையும்போது எல்லாரும் அண்ணையைத்தான் பார்த்துக் கைகொடுத்தார்கள்.

பின்னேரம் ஹோலில் இருந்து கனடாச் சனம் பேஸ்புக்கில் எழுதினதை அண்ணை உரத்து வாசித்தார். பாவம் அந்த அம்மா என்று எத்தனையோ பேர். அந்த அம்மா, நான், அப்போது அவர்களின் மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அண்ணையை விட நான்கு வயது குறைவு.

ஜூலை 14, திங்கள்

கரண்ட் இரண்டு மணித்தியாலம் இல்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் அண்ணை கொழும்பில் இருக்கும் கோட்டில் வழக்குப் பேசும் தன் அப்புக்காத்துச் சிநேகிதரோடு போனில். சத்தமாக விட்டிருந்தார். ஆர்ப்பாட்டப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மனிசன் எடுத்திருக்கிறார். கடிதக் கதையும் வந்தது.

"விசர்வேலை பாக்காதை, பரம். பத்து வருசம் ஒராள் இருந்திட்டா ஆட்சி உரிமை, வீடு தன்ரை எண்டு கோட்டுக்குப் போகலாம். அவள் அங்கை இருக்கிறாள் எண்டு நீயே கைப்பட எழுதிக் குடுக்கப்போறியோ?"

அண்ணை போனின் சத்தத்தைக் குறைத்தார். குறைக்க முதல் கேட்க வேண்டியது கேட்டாயிற்று. துருவலையில் விரலைக் கிழித்துக்கொண்டேன்.

தை வந்தால் பத்து வருடம் நிறையும். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் ஒரு தேங்காயைக் கூடக் கேட்காமல் எடுத்ததில்லை. அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை. இன்றைக்குத்தான் முற்றத்துக்குப் போய் வீட்டை முழுதாக அண்ணாந்து பார்த்தேன். என்னைப் பார்த்து இவ்வளவு பெரிய வீடு பயப்படுகிறது.

அக்கா மேல் ஜன்னலில் நின்றா. நான் பார்த்ததை அவ பார்த்துவிட்டா.

ஜூலை 15, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். அண்ணை கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். இந்த வீட்டுக் கதிரையில் அவர் முன்னால் நான் இருந்தது இதுதான் முதல்தரம்.

"நீயும் களைச்சுப்போனாய், சறோ. காலும் ஏலாது. இனித் தங்கச்சியோடை போய் ஆறுதலா இரன்."

பிறகு ஒழுங்கு சொன்னார். ஞாயிறு அவர்கள் வெளிக்கிட முதல் நம்பிக்கையான வேறு ஒரு ஆளை நானே பிடித்துக் கொடுக்கவேண்டும். பூட்டுகளின் திறப்புகளை ஒப்படைக்கவேண்டும். கடிதம் அன்றைக்கே கையில். திங்கள் முறையீட்டுக்குக் கடைசி நாள், அதற்கு நேரம் காணுமாம். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறார்.

நாட்டை அடியோடு மாற்ற வந்த மனிசன். கடைசியில் மாற்றினது என்னை. அழவில்லை. அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரோர் அறைக்கு வந்த பிறகும் வரவில்லை.

ஆளைப் பிடிக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 17, வியாழன்

மருதனார்மடம் சந்தை. கீரைப் பக்கம் நிரோஜா. முப்பது வயதிருக்கும். புருசன் விட்டுவிட்டுப் போனவன். அஞ்சு வயது மகள் பெட்டையோடு தமையன் வீட்டுப் பின்பத்தியில், தகரத்துக்குக் கீழே இருக்கிறாள். எவர் எது சொன்னாலும் நம்புகிற முகம். அதற்காகத்தான் அவளிடம் போனேன். கெட்டிக்காரி ஒருத்தி என்றால் நாலு கேள்வி கேட்பாள்.

மாடி வீடு, பைப்பில் தண்ணீர், கரண்ட் காசு கட்டத் தேவையில்லை, பெட்டைக்குத் தனி அறை. சொல்லச் சொல்ல அவள் வாய் திறந்தபடி. கீரைக்குத் தண்ணீர் தெளிக்கவும் மறந்துபோனாள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, நான் நிவாரணம் எடுக்கிறனான். அங்கை மாறினா அதுக்கு ஒண்டும் வராதே?"

"ஒண்டும் வராது."

தகரம் என்றபடியால்தான் அவளுக்குக் கொடுக்கிறார்கள். மாடிக்கு வந்தால் அடுத்த பட்டியலில் வெட்டுவார்கள். எனக்குத் தெரியும். சொன்னால் வரமாட்டாள். அவள் வராவிட்டால் கடிதம் வராது. வேறு ஆள் தேட மூன்று நாள்தான் இருக்கிறது.

காசு வேண்டாம் என்று இரண்டு பிடி முளைக்கீரை தந்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். இரவு சமைத்துச் சாப்பிட்டேன். நல்ல கீரை.

ஜூலை 20, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது, புழுக்கம். நிரோஜா ஒரு சீமெந்துப் பையும் பெட்டையுமாக வந்தாள். பெட்டை உள்ளே வந்த உடனே கிரனைட் நிலத்தில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டது. குளிர்கிறதாம். எழும்பமாட்டேன் என்றுவிட்டது. அக்கா காலைத் தூக்கி அதைத் தாண்டிப் போனா.

மோட்டர் சுவிற்ச், கேற் திறப்பு, எந்த மாமரம் பிந்திக் காய்க்கும், எந்த அறை மழைக்கு ஒழுகும், எல்லாம் காட்டிக் கொடுத்தேன். விதானையாரிடம் பதிவு, பத்து வருடம், அந்தக் கதை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பெட்டையை இங்கத்தைப் பெரிய பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குச் சேர்க்கலாமோ என்று கேட்டாள். விலாசம் இருந்தால் சேர்க்கலாம் என்றேன். அது பொய் இல்லை.

விமான நிலையத்துக்கு வான் ஏற முதல் அண்ணை கடிதம் தந்தார். தடித்த வெள்ளைக் கவர், ஒட்டி, அதற்குமேல் கையெழுத்து. உடைத்தால் விதானையார் ஏற்கமாட்டார் என்று அக்கா இரண்டு தரம் சொன்னா. அண்ணை என் தோளில் தட்டினார். பத்திரிகையில் கட்டுரை எழுதப்போகிறாராம், என் படத்தோடு.

வான் திரும்பும்வரை கேற்றில் நின்றேன். பழக்கம்.

பின்னேரம் கொழும்புத்துறை. தங்கச்சி புருசன் வாங்கோ என்றான். எத்தனை நாளைக்கு என்றும் கேட்டான்.

ஜூலை 21, திங்கள்

முதல் பஸ். எட்டரைக்கே கந்தோர் வாசலில். எனக்கு முன்னால் மூன்று பேர். கடைசி நாள் என்றபடியால் பின்னால் ரோடு வரைக்கும் சனம்.

விதானையார் சந்தோசமாகத்தான் கவரை உடைத்தார். இரண்டு வரி வாசித்தார், நிறுத்தினார், முதலிலிருந்து வாசித்தார். பிறகு எனக்காக மெல்ல வாசித்தார்.

"மேற்படி சறோஜினி என்பவர் எமது வீட்டில் ஒருபோதும் வசித்தவர் அல்லர். இடையிடையே நாட்கூலிக்குக் கூட்டித் துடைக்க வந்து போனவர் மாத்திரமே."

கீழே ஆங்கிலத்தில் அதையே திரும்பவும். சட்ட நொத்தாரிசின் முத்திரை வேறு. சின்ன விசயம், பிறகு எழுதலாம் என்று சொன்ன மனிசன் முத்திரைக்கு ஓடியிருக்கிறார்.

விதானையார் தலையில் கை வைத்துக்கொண்டார். இதை வைத்து முறையீடு போட முடியாதாம். அதைவிட, ஒன்பது வருடமாக அந்த விலாசத்தில் என்னைப் பதிந்து வைத்திருப்பது இப்போது பொய்ப் பதிவாம். வாக்காளர் இடாப்பிலும் வெட்டவேண்டி வருமாம். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"அப்ப, அக்கா, நீங்கள் இவ்வளவு காலமும் எங்கை இருந்தனீங்கள்?"

பின்னால் நின்ற சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது.

அப்போதுதான் வரிசையை விலத்திக்கொண்டு நிரோஜா வந்தாள். சந்தைக்கும் போகவில்லை. பெட்டைக்குத் தலை இழுத்து, பொட்டு வைத்து, கையில் படிவம். விலாசம் மாற்ற. என்னைக் கண்டதும் கடவுளைக் கண்ட சிரிப்பு. நல்லகாலம் நீங்கள் நிக்கிறீங்கள், நீங்களே ஐயாவுக்குச் சொல்லிவிடுங்கோ என்றாள்.

விதானையார் படிவத்தைப் பார்த்தார். அந்த விலாசத்தைப் பார்த்தார். பேனையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும், எழுதினால் இவளின் நிவாரணத்துக்கு என்ன நடக்கும் என்று. நான் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குத்தான் என்னைக் கேட்டார்.

"இவ அங்கை இருக்கிறாவோ, அக்கா?"

"ஓம். இருக்கிறா."