அப்பா போட்ட துப்பாக்கி மனு

நோரீன் கண்ணு,

கர்த்தர் உன்னை அந்த அலாஸ்கா பனியிலும் ஒரு குறையுமில்லாமல் காத்துவருவார் என்று நம்பி அம்மா இதை எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் இங்கே சாப்பிட்டு, எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், சுகம் என்ற வார்த்தையை எழுத மட்டும் இந்தத் தடவை பேனா தயங்குகிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் பத்தாம் தேதி வந்தது, அப்பாவுக்கு ஒன்று கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் அதையேதான் போட்டுக்கொள்கிறார். உன் ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு வாரம் இரண்டு விமானம்தான் என்றாய், அதனால் இது உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, உன் அப்பாவும் சமையலறையில்தான் இருக்கிறார், போன ஏப்ரலில் மாடுகளை விற்றதிலிருந்து மனிதருக்குப் போக வேறு இடமில்லை. இப்போது பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் வந்து மேப்பிள் மரத்துச் சாறு இறக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், அவர்கள் திரும்பி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

உன் ஆர்லோ பெரியப்பா அக்டோபரில் போனபோது நீ வரமுடியவில்லை, அதை நினைத்து நீ அழவேண்டாம், அப்பாவும் குறையாக நினைக்கவில்லை. ஆனால் நாற்பத்தொரு வருஷம் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் காலை கறவை முடிந்ததும் காபிக்கு வந்த அண்ணன், ஒரே வருஷத்தில் மாடும் இல்லை அவரும் இல்லை என்றால் என்ன ஆகும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பெரியப்பா வீட்டை ஒழித்தபோது பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு பழைய கைத்துப்பாக்கி கிடைத்தது. அதை அப்பா கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார், பிறகு அது அந்தப் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. கோட்டைத் துவைக்க எடுத்தபோதுதான் கனம் தெரிந்தது. இது என்ன என்றேன், ஆர்லோவுது என்றார். அது தெரியும், உங்கள் பையில் ஏன் என்றேன். பின்ன எங்க வைக்கிறது, சர்ச்சுலயா என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஜனவரி பதினாலாம் தேதி, மத்தியானம் ரண்டே கால் மணிக்கு, சாப்பிடக் கூப்பிடலாம் என்று தொழுவத்துக்குப் போனேன். மாடு இல்லாத தொழுவத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், அந்தத் துப்பாக்கி அவர் முழங்கால்மேல் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டுகூட இல்லை, சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் பால் வைக்கும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நாற்பது நிமிஷம். அவர் எழுந்து அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தபோது நான் முந்தி வந்து அடுப்பைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன். நீ நர்ஸ், இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் தோன்றியது.

அன்று நான் நேரே கேட்டிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள், வாய் வரவில்லை. ஜெபம் பண்ணினேன், ஜெபம் பண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டேன், அது ஜெபமா கோழைத்தனமா என்று கர்த்தருக்குத்தான் தெரியும். அதற்குப் பதில் சுற்றுவழியாகப் போனேன். நூலகத்தில் சட்டத்தாளை வாங்கிப் படித்தேன், உனக்குத் தெரியுமே, நான் படித்தது எட்டாவதுவரை, மற்றதெல்லாம் இப்படித் தாள் தாளாகப் படித்துத்தான். லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கியைப் பையில் மறைத்து எடுத்துப் போவது இருக்கட்டும், வீட்டுக்குள் வைத்திருப்பதே இந்த மாநிலத்தில் குற்றம் என்று போட்டிருந்தது. செத்தவருடையது கிடைத்தால் பதினைந்து நாளுக்குள் போலீசில் கொடுக்க வேண்டுமாம். நான் உன் அப்பாவிடம், உங்களுக்கு அது வேண்டுமென்றால் முறைப்படி மனுப்போடுங்கள் என்றேன். ஷெரிஃப் ஆபீசில், ஆறு மாசம் ஆகும், அதுவரை இங்கே கொடுத்துவிட்டுப் போ என்பார்கள், அதற்குள் புல் முளைத்துவிடும், வெயில் வந்துவிடும், மனிதர் மாறிவிடுவார் என்று என் கணக்கு. என் நாக்கு செய்யவேண்டிய வேலையை அரசாங்கம் செய்யட்டும் என்று விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு, நீ என்னைத் திட்டினால் இதற்குத் திட்டு.

எதிர்பார்க்காத மாதிரி அவர் உடனே சரி என்றார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மனுவிலிருந்து பால் சங்க மனுவரை இந்த வீட்டில் எல்லாம் நான்தான் பூர்த்தி செய்வேன், இதை மட்டும் நானே எழுதுவேன் என்று வாங்கிக்கொண்டார். சொந்தக்காரர் அல்லாத நாலு பேர், இந்த மாவட்டத்துக்காரர்கள், இவர் நல்ல நடத்தை உள்ளவர் என்று கையெழுத்துப் போடவேண்டும். பாஸ்டர் போட்டார், மாட்டு டாக்டர் போட்டார், தீவனக் கடை மெர்ல் கல்லாவிலேயே வைத்துப் படிக்காமல் போட்டான். நம் டெல்பர்ட், லாயிடு நல்லவன்னு எழுத நாலு பேரா, கெட்டவன்னு எழுத ஒருத்தனத் தேடச் சொல்லியிருந்தா அதுதானய்யா கஷ்டம் என்று சிரித்துக்கொண்டே போட்டான். நான் பக்கத்தில் நின்று காபி ஊற்றினேன். அந்த நாலு பேர் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, நோரீன். எனக்குப் பயமாக இருந்ததே அதனால்தான். நல்லவரா என்று நாலு இடத்தில் கேட்டார்கள், எப்படி இருக்கிறார் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. மனுவின் ஒரு கட்டத்தில் மட்டும் மனநோய்க்கு வைத்தியம் பார்த்ததுண்டா என்று இருந்தது, இல்லை என்று எழுதினார், வைத்தியம் பார்த்தால்தானே.

பிறகு கைரேகை. கண்ணாடித் தட்டில் விரலை வைத்தால் இயந்திரத்துக்கு ஒன்றுமே தெரியவில்லையாம், நாற்பது வருஷம் மாட்டு மடியைக் கழுவிக் கழுவி ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. அங்கே இருந்த பெண் ஒரு வாரம் ஏதாவது களிம்பு பூசிக்கொண்டு வாருங்கள் என்றாள். நம்மிடம் என்ன களிம்பு இருக்கிறது, மாட்டு மடிக்குப் பூசுவதுதான், பச்சை டப்பா, அதையே ராத்திரியில் பூசிப் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்தார். மூன்றாம் தடவைதான் ரேகை விழுந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்து நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு வாரம் நம்பிவிட்டேன். ஷெரிஃப் ஆபீசிலும் யாரும் துப்பாக்கியைக் கொடு என்று கேட்கவில்லை, கேட்க அவர்களுக்கு என்ன தெரியும், அது கோட்டுப் பையிலேயேதான் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

மனு போய் ஒன்பது நாள் கழித்து அதன் நகல் மேஜை இழுப்பறையில் அகப்பட்டது. எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்ட இடத்தில் அதன் கம்பெனி, நம்பர் எல்லாம் தன் கையெழுத்தில் அழகாக எழுதியிருக்கிறார். இப்போது எங்கே இருக்கிறது என்ற இடத்தில், என் கோட்டுப் பையில் என்று எழுதியிருக்கிறார். உன் அப்பாவைத் தவிர வேறு யாராவது செய்வார்களா சொல். குற்றத்துக்கு அனுமதி கேட்ட மனுவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடியில் நாலு நல்லவர் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறார். அவரிடம் காட்டினால், கேட்டாங்க, சொன்னேன், பொய்யா எழுதச் சொல்ற என்கிறார். அன்று சாயங்காலமே போன் வந்தது, ஷெரிஃப் ஆபீசிலிருந்து விசாரிக்கிற டெபுடி, ரஸ்ஸல் பைக் என்பவர், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறாராம், மனைவியும் இருக்கவேண்டுமாம்.

வந்தார். நான் ஆப்பிள் கேக் செய்திருந்தேன், விருந்தாளி மாதிரி. டெபுடி பைக் உனக்குத் தெரியாது, நீ போன பிறகு இந்த மாவட்டத்துக்கு வந்தவர், பொறுமையான மனிதர், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டார். கடைசியில் அந்தக் கோட்டுப் பைக் கட்டத்துக்கு வந்தார். தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, லாயிடு, இதுல ஏதோ எழுத்துப் பிழைன்னு நினைக்கிறேன், அது துப்பாக்கிக் கடைக்காரர் பெட்டியில பத்திரமாத்தானே இருக்கு, நான் திருத்திக்கட்டுமா என்றார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி கேட்டார், கண்ணு. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அப்பா எழுந்து போய்க் கோட்டை எடுத்து, அதைக் கொண்டுவந்து கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிழை இல்லீங்க, நான் எழுதினது சரிதான் என்றார். டெபுடி அதை எடுத்துக் குண்டுகளை வெளியே கொட்டினார். ஐந்து இருந்தது. குண்டு போட்டுத்தான் இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பி, அம்மா, சட்டத்தை விடுங்க, இவர் இதை வச்சுக்கறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

உன் அப்பா என்னைப் பார்த்தார். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, சும்மா பார்த்தார். இல்லை என்று சொன்னால் மானம் தப்பும். சொல்லிவிட்டால் ஊர் முழுக்கத் தெரியும், இந்த வயதில் அவரைப் புத்தி கலங்கியவர் என்று எவனாவது தீவனக் கடையில் பேசுவான், அவர் என்னை மன்னிக்காமலே போய்விடலாம். மனசுக்குள் ஜெபம் பண்ணக்கூட நேரமில்லை. உண்டு என்றேன். ஜனவரி பதினாலு, ரண்டே கால் மணி, வாளி, முழங்கால், நாற்பது நிமிஷம், எல்லாவற்றையும் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். டெபுடி எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு உன் அப்பா, டெபுடி அங்கே இருப்பதையே மறந்தவர்போல,

"நீ அங்கயா நின்ன, வெர்னா? நாப்பது நிமிசமும்?" என்றார்.

நின்றேன் என்றேன்.

"அப்பறம் ஏன் உள்ள வரல?"

பயமாக இருந்தது, கதவு சத்தம் போட்டால் என்ன ஆகுமோ என்று இருந்தது என்றேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அண்ணனைப் புதைத்தபோதுகூட இல்லை.

டெபுடி அரைமணி நேரம் கழித்துத்தான் எழுந்தார். மனுவை வாபஸ் வாங்குவதாக ஒரு தாளில் அப்பா கையெழுத்துப் போட்டார். துப்பாக்கியைத் தானாக ஒப்படைத்ததாக எழுதிக்கொள்கிறேன், ஆனால் கையெழுத்தான தாளை நான் கிழிக்க முடியாது, மேலே என்ன முடிவு செய்வார்களோ என்று சொல்லிப் போனார். அந்த முடிவு இன்னும் வரவில்லை, தபால் வண்டி நிற்கிற சத்தம் கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். கேஸ் போட்டால் போடட்டும், ஆள் இருக்கிறாரே. லைசென்ஸ் வேண்டாத வேட்டைத் துப்பாக்கி இரண்டு வீட்டில் இருந்ததே, அதுவும் அன்றைக்கே டெல்பர்ட் வீட்டுக்குப் போய்விட்டது. நான் கூப்பிட்டுக் கேட்டதும் ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, என் மச்சான் வர்றான், ரெண்டு நாள் வேட்டைக்கு இரவல் கொடுன்னு வாங்கிட்டுப் போறேன்னு வச்சுக்கோங்க, அவனுக்குச் சுடவும் தெரியாது, பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்ல என்றான்.

அப்புறம் நாலு நாள் அப்பா என்னிடம் பேசவில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், தொழுவத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போய் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். போ என்று சொல்லவில்லை. நாலு நாளும் அப்படித்தான், சாக்ஸ் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், குளிரில் ஊசியே பிடிக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் அவராகவே, ஆர்லோ செத்த அன்னைக்குக் காலையில ஏதோ சொல்ல வந்தான், மாடு வித்த கடுப்புல நான் காபி போடாமலேயே அனுப்பிட்டேன் என்றார். ஆறு மாசமாக அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்குத் தெரிந்த ஆறுதல் எதுவும் அதற்குப் போதாது, என் வாளியை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

நம் டாக்டரிடம் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வருவேன் என்றிருக்கிறார், நீயும் கூட உள்ளே வந்து உட்காரணும், நான் பாதிதான் சொல்லுவேன், மீதியை நீ சொல்லு என்றிருக்கிறார். போவார் என்றுதான் நம்புகிறேன், வியாழன்வரை ஒவ்வொரு மணி நேரமும் எனக்கு ஒரு நாளாக இருக்கிறது.

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து போன் பண்ணு, நான் எடுத்தாலும் அப்பாவைக் கேள். எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, நல்லா இருக்கேன்னு சொல்லி என்னிடம் கொடுத்துவிடுவார். பெரியப்பாவைப் பற்றிக் கேள், எதையாவது கேள், பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு, ஆனால் போனை வைத்துவிடாதே. நர்ஸாக யோசனை எழுத வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுது, பாஸ்டர் வீட்டு விலாசத்துக்கு. விடுப்பு எடுத்து வா என்று நான் கேட்கவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருட்டில் தனியாக ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வராதே, பாலுக்குப் பதில் பவுடரைக் கரைத்துக் குடித்துக் காலம் தள்ளாதே. உன்னைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று நான் ராத்திரி சொல்லிக்கொள்வது உனக்கும் சேர்த்துத்தான், இப்போது அப்பாவுக்கும் சேர்த்து. வண்டிச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள்.

உன் வேலைக்கும் உன் கைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அம்மா,
வெர்னா

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் அப்பா வந்து, யாருக்கு இவ்வளவு நீளம் என்று கேட்டார். நோரீனுக்கு, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன் என்றேன். ஆர்லோவுக்குக் காபி போட மறந்துட்டேன்னு எழுதாத, போடலைன்னே எழுது என்றார். அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.