நீ மிச்சம் வைத்த நல்லெண்ணெய்

ஏட்டி,

நீ என்னைக் கூப்பிட்டது போலவே உன்னைக் கூப்பிடுகிறேன். இன்று காலை விடுதி அலமாரியைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. நீ மிச்சம் வைத்த பாட்டில் கசிந்து என் துணியெல்லாம் பாழ். செத்த பிறகும் உன் சேட்டை நிற்காதா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தென்காசிக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், தர்மபுரிக்கே திரும்பிவிட நான் பை கட்டியிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் நீ.

"வீட்டுல ஒனக்கு யாரு எண்ணெ தேய்ப்பா?"

"அம்மா" என்றேன்.

"இன்னைக்கு நான் தேய்க்கேன். குத்தாலத்துல போயி குளிப்போம். அதுக்கப்புறமும் போணும்னா நானே பஸ் ஏத்தி விடுதேன்."

விடுதியிலேயே என் தலையில் ஒழுக ஒழுகத் தேய்த்தாய். உன் தலைக்கு நான் தேய்த்தேன். போய் இறங்கினால் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டினார். தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில் எண்ணெய் ஒழுகும் நம் பக்கத்தில் உட்கார ஒருவரும் துணியவில்லை. "நமக்குன்னு தனி பஸ்ஸுட்டி" என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தோம். எதிரே புளியங்குடி பஸ் கடந்ததும் உன் சிரிப்பு நின்றது.

"எங்க ஊரு எட்டிப் புடிக்கிற தூரந்தான். அதான் இன்னும் கூட வலிக்கு."

உனக்கும் அதே ஏக்கம் என்று அன்றுதான் தெரிந்தது. பையை அவிழ்த்துவிட்டேன்.

பிறகு காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். "பாட்டில பத்திரமா வச்சிரு, சாரல் சீசனுக்கு வந்துருதேன்" என்றாய். வந்தது உன் சாவுச் செய்தி. இப்போது சாரல் அடிக்கிறது. நீ இல்லாத இந்த அறையில் என்னால் இருக்கவே முடியாது. இன்று மறுபடி பை கட்டினேன்.

உன் கட்டிலை ஒரு முதலாண்டுப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். உன் இடத்தில் படுத்து அழுகிறாளே என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் பாட்டில் என் கையில் இருந்தது. "உனக்கு யாரு எண்ணெ தேய்ப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கும் அம்மாதான்.

அருவியில் போய்க் குளிக்கலாம் என்று சொல்லி, கடைசிச் சொட்டு வரை அவள் தலையில் தேய்த்தேன். அழுகை அடங்கித் திரும்பினாள்.

"உங்களுக்கு யாரு தேய்ப்பாங்க அக்கா?"

அவள் துண்டு எடுத்துக்கொண்டு அருவிக்குப் புறப்பட்டு நிற்கிறாள். எண்ணெய் வைத்த தலையோடு அவளை விட்டுவிட்டு ஊருக்கு எப்படிப் போவது? பை வாசலிலேயே கிடக்கிறது. என் தலை காய்ந்திருக்கிறது. கையில் உன் எண்ணெய் இருக்கிறது, இன்னும் கழுவவில்லை.