நீலக் கோட்டுக்குள் ஒரு கட்டில்

மார்ச் 3, செவ்வாய்

என் கடை வாசலில் சாமான் ஏற்றும் இடத்தை நகராட்சி பிடுங்கிக்கொண்டது. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் வேறு மாதிரி சொல்லக் கூடாது. எதிரே புது அரங்கம் திறந்திருக்கிறார்கள். பந்தாட்டம், கச்சேரி எல்லாம் அதற்குள்தான். அங்கே வருகிறவர்கள் கார் நிறுத்த வேண்டுமாம். நேற்று என் வாசலில் நீலக் கோடு இழுத்து, ‘கட்டணப் பார்க்கிங்’ என்று கம்பமும் நட்டுவிட்டார்கள். நான் விற்பது மெத்தையும் கட்டிலும். பையில் போட்டு எடுத்துப்போக அதென்ன ஊசி நூலா?

‘நகர மையத்துக்குப் புத்துயிர்’ என்று பெரிய பலகை வேறு. செத்தது யார்? நான் தினமும் கடை திறந்துகொண்டுதானே இருந்தேன்?

மார்ச் 5, வியாழன்

ஒரு புதுத் தம்பதி இரட்டை மெத்தை வாங்கினார்கள். அவர்கள் வண்டி பின்தெரு அடுக்குமாடிப் பார்க்கிங்கில். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிப் போனார்கள். அரங்கத்துக் கூட்டம் விலகி வழி விட்டது. அதிலொருவன், “ஆட்டம் பார்க்கப் போறீங்களா, தூங்கப் போறீங்களா?” என்றான். ஊரே சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. பாதி வழியில் திரும்பி வந்து, “வேணாங்க ஐயா” என்று மெத்தையை வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

கட்டிலைப் போட்டுவிட்டேன். நீலக் கோட்டுக்குள், நட்ட நடுவில். மேலே மெத்தை, தலையணை. கடைக்கு வண்டி வந்தால் இழுத்துக்கொள்வேன், போனதும் மறுபடி போடுவேன். எவன் காரை நிறுத்துகிறான் பார்ப்போம்.

“மழை வந்தா?” என்றாள் மனைவி.

“மெத்தைக்கு உறை இருக்கு.”

“உங்களுக்கு?”

இவள் என்றைக்கு என் பக்கம் பேசியிருக்கிறாள்.

மார்ச் 14, சனி

தெருவுக்குப் பார்க்கிங் காவலர் போட்டிருக்கிறார்கள். யாரை? என் மாப்பிள்ளையை! பல மாதம் வேலையில்லாமல் அலைந்தவர். மஞ்சள் மேலங்கி, கையில் அபராதச் சீட்டு அடிக்கும் மிஷின். கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மாமா... சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு மாப்பிள்ளை.”

“சரிங்க மாமா.” போய்விட்டார்.

ஜெயித்தாயிற்று. அப்புறம் ஏன் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை? கடைக்குள் சும்மா நடந்துகொண்டே இருந்தேன்.

மார்ச் 18, புதன்

தினமும் இதே கதை. என் வாசல் வந்ததும் அவருக்கு வானத்தில் ஏதோ வேலை வந்துவிடுகிறது, அண்ணாந்தபடியே தாண்டிப் போகிறார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரின் ஸ்கூட்டருக்கு மட்டும் சீட்டு. “எனக்கும் ஒரு மகள் இருந்திருக்கலாம்” என்று என் காதில் விழுகிற மாதிரி சொல்கிறார்.

மார்ச் 24, செவ்வாய்

வாசலைத் திருப்பிக் கேட்க நகராட்சிக்குப் போனேன். விதிமுறைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி நானே படித்துக்கொண்டு போயிருந்தேன். மேஜையில் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார்.

“உங்க வாசல்ல பிரச்சினைன்னு எதுவுமே பதிவாகலையே ஐயா.”

“அங்கே என் கட்டில் கிடக்கும்மா!”

“அப்படி ஒரு கட்டிலே எங்க கணக்குல இல்லை. அபராதம் போட்டிருந்தா அதை எதிர்த்து விசாரணை கேட்கலாம். அபராதமே இல்லாம எதை விசாரிக்கிறது?”

இத்தனை நாள் நடுரோட்டில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் கண்ணுக்கு அது காலி இடம். யாரால்? மாப்பிள்ளையின் மரியாதையால்.

மார்ச் 27, வெள்ளி

மகள் வந்தாள். உள்ளே வரவில்லை.

“யாரோ உங்க கட்டிலைப் படம் பிடிச்சு ஆபீசுக்கு அனுப்பிட்டாங்கப்பா. திங்கட்கிழமை இவர் அபராதம் எழுதணும். இல்லேன்னா வேலையை விட்டுடணும்.”

“எழுதச் சொல்லு.”

“‘மாமா பேரை என் கையால எழுத மாட்டேன்’னு சொல்றார்.”

“பைத்தியமா அவருக்கு?”

“உங்க மருமகன்தானே, வேற எப்படி இருப்பார்?” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. “கட்டிலை எடுத்துடுங்கப்பா.”

மாட்டேன் என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

எடுத்தால் அந்தக் கோடு ஜெயித்துவிடும். எடுக்காவிட்டால் அவள் குடும்பம் — சே. அந்த மனுஷன் ஒரு சீட்டை அடித்துத் தொலைத்தால் என்ன?

ஆமாம். அடித்தால் என்ன?

மார்ச் 28, சனி

மாப்பிள்ளையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். “என் பேருக்கு அபராதம் போடுங்க.”

“அது மரியாதையில்ல மாமா.”

“நீங்க மரியாதை கொடுத்துக் கொடுத்தே நான் அங்கே ஆளே இல்லாமப் போயிட்டேன். சீட்டு இருந்தாத்தான் விசாரணை. விசாரணை வந்தாத்தான் என் வாசல்.”

மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தை என்ன நினைப்பாங்க?”

“ரெண்டாப் போடுங்க மாப்பிள்ளை, ரொம்ப நாளா எனக்கும் ஆசை” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

நாளைக்கு ஆக வேண்டியவை.

மகள்: சீட்டு, கட்டில், கோடு, கம்பம் நாலும் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். கோபம் தீராவிட்டாலும் எடுக்க வேண்டும்.

மனைவி: கடை அவள் பொறுப்பு. கேட்கிறவனுக்கெல்லாம் விலையைக் குறைக்கக் கூடாது.

நான்: சீட்டு வாங்கிய கையோடு நகராட்சிக்கு. விசாரணைக்குத் தேதி வாங்காமல் அந்த அம்மாள் மேஜையை விட்டு நகரக் கூடாது.

நகராட்சி: கம்பத்தைப் பிடுங்க வேண்டும்.

மாப்பிள்ளை: நாளை சீட்டு எழுத வேண்டும். வாசல் திரும்பிவரும் வரை, கட்டில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். எழுதும்போது தலை குனியக் கூடாது.