உப்புப் போடாத சோறு

மார்ச் 12, செவ்வாய்

நுவரெலியா மனநலக் கிளினிக். லித்தியம் மட்டும் போதாதாம். முன்பு அதோடு சேர்த்துத் தந்த இரண்டு மாத்திரைகளும் தோற்றுப்போனதால் இப்போது கியூட்டியாபின் என்று ஒரு புது மாத்திரை. இது கேட்டால் நல்லது என்றார் டொக்டர். கேட்காவிட்டால்?

பள்ளிக்கூட அதிபர் பேரின்பநாயகம் சொன்னதுதான் காதில் நிற்கிறது. "சுமன், இந்தத் தவணை பாப்பம். இன்னொருக்கா நடந்தா என்னாலையும் ஒண்டும் செய்யேலாது." போன வருடம் தலை உச்சத்தில் இருந்தபோது, கொழும்பு காட்டுகிறேன் என்று ஏழாம் வகுப்பு முழுவதையும் கொட்டகலை ஸ்டேசனுக்குக் கூட்டிப்போனவன் நான். பிறகு மாதக்கணக்கில் பாயை விட்டு எழவில்லை. முன்பு எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் நான் கணக்கு மாஸ்டர். இப்போது காத்துக் கருப்பு பட்டவன்.

மார்ச் 28, வியாழன்

வாய் காய்கிறது. எந்நேரமும் பசி. ஆனால் தலைக்குள் இருந்த சந்தை கலைந்துவிட்டது. சுலக்ஷனா பயந்து பயந்து சிரிக்கிறாள். பாவம், என்னைக் கட்டியவள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாளாம். காப்புக் கட்டியதிலிருந்து நான் பால்குடம் எடுக்கும்வரை உப்பில்லாச் சோறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாத்திரைய நிப்பாட்டச் சொன்னேனா? அது பாட்டுக்கு அது. உப்ப மட்டும் விடுடா, ஆத்தா பாத்துக்குவா."

மறுத்தால் லயமே வாசலில் வந்து நிற்கும். சரி என்றேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

கை ஆடுகிறது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. வாந்தி.

ஏப்ரல் 16

நடந்தால் கால் பின்னுகிறது. நாக்குப் புரளவில்லை. அந்தப் புது மாத்திரைதான் என்கிறாள் அம்மா. சுலக்ஷனாவும் அப்படித்தான் நினைக்கிறாள். நானும்தான். ஒன்றாவது கேட்டது என்று இருந்தேன், அதுவும் — நாசமாப் போக. எனக்குன்னு எதுவுமே நிக்காதா?

ஏப்ரல் 22, திங்கள். ஆஸ்பத்திரி

இரத்தத்தில் லித்தியம் விஷமாகும் அளவுக்கு ஏறியிருந்ததாம். என்ன சாப்பிட்டாய் என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். விரதத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உப்புக் குறைந்தால் உடம்பு லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். புது மாத்திரைமேல் குற்றமில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே ஒத்துக்கொண்டார். சொல்லியிருக்கலாம், மகராசன்.

மே 20, திங்கள்

மறுபடியும் இரண்டு மாத்திரையும். லித்தியம் மட்டும் கொஞ்சம் குறைவாக. இன்று பள்ளிக்கூடம் போனேன். எட்டாம் வகுப்புக்குப் பின்னம். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்: மாத்திரை ஆஸ்பத்திரியில் தள்ளியது, ஆத்தா எழுப்பிவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆத்தா புண்ணியத்தில் தேறியவன் மாஸ்டராக இருக்கலாம். மாத்திரையில் தேறியவன் பைத்தியக்காரன். இதுதான் இங்கே சட்டம்.

மே 26, ஞாயிறு

கீழ் லயத்துக் காளியாயி அக்கா வந்தார். மகள் கொழுந்தெடுக்கப் போவதில்லையாம். சில நாள் மூச்சுவிடாமல் பேச்சு, சில நாள் சுவரையே பார்த்தபடி.

"என்ன வெரதம் தம்பி இருந்தீங்க? உப்ப விட்டாப் போதுமா?"

அம்மா பதில் சொல்லத் தொடங்கினாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"உப்ப விட்டுத்தான் ஆஸ்பத்திரியில கெடந்தேன்க்கா. எனக்கு வியாதி. ரெண்டு மாத்திர குடிக்கிறேன். இனியும் குடிப்பேன். செவ்வாக்கெழம கிளினிக், மகளக் கூட்டிட்டு வாங்க. சாப்பாட்டுல உப்புப் போட்டே குடுங்க."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நாளைக்கே இது பள்ளிக்கூடம் வரை போகும். போகட்டும்.

மே 27, திங்கள்

அதிபரிடம் நாளைக்கு லீவு கேட்டேன். காய்ச்சல் என்று சொல்லவில்லை, கிளினிக் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "போய்ட்டு வாரும்" என்றார்.

மே 28, செவ்வாய்

அம்மா இன்னும் பேசவில்லை. பஸ்ஸில் காளியாயி அக்கா எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.