முதல் தாளில் என் பெயர்

5 மார்ச் 2025, புதன்

கம்பெனியில் ஐ.டி. வேலை என்றால் சும்மாவா? ஸ்டோர்ஸ் பிரிண்டரோடு காலை முழுக்க மல்லுக்கட்டு. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அனுப்பி அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பிரிண்டர் பெயரை அடிக்கச் சோம்பல். பெயர் சொல்லாவிட்டால் ஸ்டோர்ஸுக்கே போகும்படி என் கணினியில் வைத்துக்கொண்டேன். எந்தத் தாள் யாருடையது என்று தினம் சண்டை வருவதால், அச்சாகி வரும் ஒவ்வொரு கட்டின் முதல் தாளிலும் அனுப்பியவர் பெயர் பெரிதாக வரும்படியும் செய்தேன். ஸ்டோர்ஸ் சம்பங்கி அக்கா எடுத்துப் பார்த்துச் சிரித்தார். “தஸ்லிம்னு எவ்ளோ பெருசா வருது! எலெக்‌ஷன்ல நிக்கிறியா கண்ணு?”

6 மார்ச், வியாழன்

எச்.ஆர். சிவராஜ் சார் ஒரு ஃபைலை அனுப்பி, “இத என் ரூம் பிரிண்டர்ல எடுத்துக் குடும்மா, யாருக்கும் தெரிய வேணாம்” என்றார். ஏப்ரலில் நிறுத்தப்போகும் பதினாறு கான்ட்ராக்ட் ஆட்களின் பட்டியல். இரண்டாவது பெயர் மாதப்பன் – எங்கள் கம்பெனி பஸ்ஸில் பாகலூரில் ஏறுபவர். அனுப்பினேன். சார் அறையில் எதுவும் வரவில்லை. பிரிண்டர் பெயரைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன், வந்தது. முதலில் அனுப்பியது எங்கே போனது என்று பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

7 மார்ச், வெள்ளி

பெயர் சொல்லாமல் அனுப்பினால் ஸ்டோர்ஸுக்குத்தான் போகும். நானே வைத்தது, நானே மறந்தேன். அங்கே நேற்றிலிருந்து தாள் இல்லை. காலையில் அக்கா தாள் வைத்ததும், காத்துக்கிடந்த பட்டியல் வெளியே வந்துவிட்டது. டீ டைமுக்குள் பதினாறு பேருக்கும் தெரிந்துவிட்டது. மாதப்பன் எச்.ஆர். வாசலில் நின்று கத்தினார்.

அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சரக்கு வெளியே போக கேட்-பாஸில் கையெழுத்து வாங்க தினமும் சிவராஜ் சார் அறைக்குப் போய்வருபவர் ஆயிற்றே, மேஜையிலிருந்து எடுத்திருப்பார் என்று சந்தேகம். “பிரிண்டர்ல தானா வந்துச்சு சார்” என்றார் அக்கா. சார் என் பக்கம் திரும்பினார். “தானா வருமா தஸ்லிம்?”

“வராது சார்.”

பொய் இல்லையே? தானாக வராது. ஒருத்தி அனுப்பினால்தான் வரும். அந்த ஒருத்தி நான்தான் – அதைச் சொல்ல வாய் வரல. அக்கா என்னையே பாத்தாங்க.

8 மார்ச்

அக்காவை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.

11 மார்ச், செவ்வாய்

சர்வரில் பதிவு இருக்கிறது. தேதி, நேரம், என் பெயர், ஸ்டோர்ஸ். ஒரே ஒரு வரி. அழிக்க ஒரு நிமிடம் போதும், அந்த அதிகாரமும் என்னிடம்தான். அழிக்கவில்லை. சொல்லவும் இல்லை. நல்லவள் மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. முதல் தாளில் என் பெயர் வந்திருக்குமே, அந்தத் தாள் எங்கே? அதை நீட்டியிருந்தால் அக்கா அன்றே தப்பித்திருப்பார்.

நோன்புக் கஞ்சி இறங்கவில்லை. “நாள் பூரா பட்டினி கெடந்துட்டு இப்பவும் கிண்டிக்கிட்டே உக்காந்திருந்தா எப்படி?” என்று அம்மா திட்டினார். பசியை அடக்கத் தெரியுது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே. என்ன நோன்பு இது?

14 மார்ச், வெள்ளி

என்னை நிரந்தரமாக்கி ஆர்டர் வந்தது. இரண்டு வருடம் காத்திருந்த காகிதம். “உன்ன மாதிரி நம்பிக்கையான ஆளுதாம்மா வேணும்” என்று சிவராஜ் சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாத்ரூமில் போய் அழுதேன்.

17 மார்ச், திங்கள்

பதிவின் அந்த ஒரு வரியைத் தனியாக எடுத்து சார் அறைக்கு அனுப்பினேன். இந்த முறை பிரிண்டர் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். நான் உள்ளே போனபோது தாள் அவர் கையில் இருந்தது.

“நான்தான் சார். பிரிண்டர் பேரு போடாம அனுப்பிட்டேன். அக்கா எடுக்கல.”

தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, “தப்புக்கூட பரவால்லம்மா. பத்து நாள் வாயத் தொறக்காம இருந்தியே” என்றார்.

20 மார்ச்

அக்கா வேலைக்கு வந்துட்டாங்க. என் ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். வலிக்கவில்லை என்றால் பொய். ஆனாலும் ஸ்டோர்ஸ் பக்கம் போவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

31 மார்ச், பெருநாள்

பிரியாணித் தூக்கோடு உத்தனப்பள்ளிக்குப் போனேன், அக்கா வீட்டுக்கு. மன்னிப்புக் கேட்கத்தான். நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா ரேஷன் கார்டு உறையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பெரிய எழுத்தில் தஸ்லிம்.

“இத யார் கைலயும் சிக்க விடல கண்ணு. பதினாறு பேருக்கும் முன்னாடியே தெரியட்டும்னுதானே நீ எங்க பிரிண்டருக்கு அனுப்பின? மாதப்பன் அதுக்குள்ள வேற கம்பெனில சேந்துட்டான், தெரியுமா? அவ்ளோ செஞ்ச புள்ளய நான் காட்டிக் குடுப்பனா?”

விசாரணை முடிந்தது, வேலைக்கு வா என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொண்டது அவருக்குத் தெரியாது.

இல்லக்கா, தப்பா வந்துடுச்சு – தொண்டை வரை வந்தது. சிவராஜ் சாரிடம் சொல்ல முடிந்ததை அக்காவிடம் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவர் தாளை மடித்துப் பத்திரமாக உறைக்குள் வைத்துவிட்டார்.

பிரியாணி நல்லா இருக்கு என்றார். வெறும் தூக்கைத் திருப்பித் தரக்கூடாதென்று தக்காளி நிரப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.