அப்பா வந்திருக்கிறார், அம்மா

என் பேச்சையெல்லாம் எனக்காகப் பேசிய அம்மாவுக்கு,

வீட்டுக்குள் வந்ததும் அப்பா செருப்பைக் கழற்றி, ஒரு பையில் சுற்றி, தன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைத்தான் முதலில் கவனித்தேன். சவுதியில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் இருந்த பழக்கம் போல. சாப்பிட்ட தட்டைக்கூட அவரே கழுவிவிடுகிறார்.

நீ போனபோது அவரால் வர முடியவில்லை. அங்கே தங்குவதற்கான அக்காமா அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டைவிட்டு வெளியே விட மாட்டார்களாம். உன் தம்பி போனைத் தூக்கிப் பிடிக்க, அதில்தான் உன்னைக் கடைசியாகப் பார்த்தார்.

குடும்பத்தைக் கூட்டிப்போகவும் அவர் சம்பளத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நீ ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. வெள்ளிக்கிழமை போன் வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "தலையாட்டினா அவருக்கு எப்படிடி கேட்கும்?" என்று திட்டுவாய். அப்புறம் அவரிடம், "புள்ள உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்பாய். நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஆனால் அதனால்தான் நான் அவருக்கு அந்நியமாகவில்லை. இதற்கெல்லாம் உனக்கு எப்படி நன்றி சொல்வது? நீ நோயில் கிடந்தபோது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன் பக்கத்தில் நான் படுத்துக்கிடக்க நீ விட்ட மாதங்களுக்கும் சேர்த்து?

இப்போது லீவு முடியப்போகிறது. அதற்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும்.

"போயிடுங்க மச்சான்" என்கிறார் மாமா. "இது செத்துப்போச்சுன்னா மறுபடி கிடைக்காது. அங்க இப்ப உள்ளூர்க்காரங்களுக்குத்தான் முதல்ல வேலை."

"குத்தகைக்கு விட்ட வயல் கைக்கு வந்துடுச்சே. இந்தச் சம்பாவை நானே பண்ணலாம்னு பார்க்கிறேன்."

"நீங்களா? வரப்புலேயே வழுக்கி விழுவீங்க."

"விழுந்தா நம்ம சேத்துலதானேடா விழறேன்."

இன்று காலை அப்பா என்னிடம் கேட்டார். "நீ சொல்லும்மா. இருக்கட்டுமா, போகட்டுமா?"

இருங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். தலைகூட ஆடவில்லை. போகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, டிக்கெட் விசாரிக்கப் பாபநாசத்துக்குக் கிளம்பிவிட்டார்.

இனி எனக்காகப் பேச நீ இல்லை. நானே பேசிக்கொள்வேன், அம்மா. இது உனக்கு நான் தரும் வாக்கு. வாயில் வார்த்தை வரத்தான் கொஞ்சம் நாளாகும்.

விதைநெல்லை ஊறப்போட்டால் முளைத்துவிடும், பிறகு விதைத்தே ஆகவேண்டும். நம் வீட்டில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா கிளம்பியதும், அவர் ஆசையாக வாங்கி வைத்திருந்த விதை மூட்டையை வாய்க்கால்வரை இழுத்துப்போய்த் தண்ணீரில் இறக்கினேன். மூட்டையின் கயிற்றைப் பூவரச மரத்தில் கட்டினேன்.

உங்கள் இருவரின் மகள்,
சுகந்தி